எண்ணிப் பார்த்த டாக்டர்

இந்த இதழ்ல ஒரு டாக்டரைப் பத்திப் பேசப் போறோம். இன்ஜினியரிங் காலேஜ் மேகசின்ல டாக்டருக்கு என்ன வேலைன்னு கேக்காதீங்க. இந்த மனுஷன் செஞ்சது அத்தனையும் நம்ம ஏரியாதான்: பம்ப், வால்வு, பைப், ஃப்ளோ ரேட். 1400 வருஷமா உலகம் நம்பிக்கிட்டிருந்த ஒரு விஷயத்தை அவர் உடைச்சது புது மெஷினாலயோ புது மருந்தாலயோ இல்ல. ஒரு பெருக்கல் கணக்கால. பேர் வில்லியம் ஹார்வி.

ரத்தம் உடம்பைச் சுத்தி வருதுன்னு கண்டுபிடிச்சவர்னு எட்டாம் கிளாஸ்லயே மனப்பாடம் பண்ணி, ரெண்டு மார்க் வாங்கிட்டு மறந்திருப்போம். ஆனா அந்த ஒரு வரிக்குப் பின்னாடி இருக்கிற வாழ்க்கை ரெண்டு மார்க்குல அடங்காது.

ஃபோக்ஸ்டோனிலிருந்து பாதுவா வரை

1578 ஏப்ரல் 1 அன்று, இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடற்கரையில் இருக்கும் ஃபோக்ஸ்டோன் என்ற ஊரில் ஹார்வி பிறந்தார். அப்பா தாமஸ் ஹார்வி வியாபாரி, பின்னாளில் அந்த ஊருக்கு மேயரும் ஆனவர். ஒன்பது பிள்ளைகளில் வில்லியம்தான் மூத்தவர். தம்பிகளில் பலர் லண்டனில் வியாபாரம் செய்து பணக்காரர்கள் ஆனார்கள். மூத்தவர் மட்டும் படிப்புப் பக்கம் போய்விட்டார்.

கேன்டர்பரியில் பள்ளி முடிந்து, 1593ல் கேம்பிரிட்ஜின் கீஸ் கல்லூரியில் சேர்ந்தார். மருத்துவத்துக்கு அன்றைக்கு ஐரோப்பாவில் சிறந்த இடம் இத்தாலியின் பாதுவா. கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்கியதும் அங்கே போனார்.

பாதுவாவில் உடற்கூறு வகுப்பு எப்படி நடக்கும்னு கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. கிணறு மாதிரி ஒரு கூடம். நீள்வட்டமா ஆறு அடுக்கு. உக்கார இடம் கிடையாது, எல்லாரும் கைப்பிடிச் சுவர்ல சாய்ஞ்சு நின்னுக்கிட்டுதான் பாக்கணும். கீழே நடுவுல ஒரு மேஜை, மேஜை மேல ஒரு பிணம், சுத்தி மெழுகுவத்தி வெளிச்சம். அறுத்துக் காட்டிப் பாடம் எடுத்தவர் ஃபாப்ரிசியஸ், அந்தக் காலத்தின் பெரிய பேராசிரியர். அதே பல்கலைக்கழகத்தில், அதே வருஷங்களில் கணிதம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் கலிலியோ. 1602ல் ஹார்வி டாக்டர் பட்டத்தோடு ஊர் திரும்பினார்.

கேலன் சொன்னா சரி

அந்தக் காலத்து டாக்டருக்கு ரத்தத்தைப் பற்றி என்ன தெரியும்? இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் எழுதி வைத்தது தெரியும். அதைச் சுருக்கமாச் சொன்னா இப்படி இருக்கும்.

சாப்பாடு கல்லீரலுக்குப் போய் ரத்தமா மாறுது. அந்த ரத்தம் சிரைகள் வழியா உடம்பு முழுக்கப் போய் அங்கேயே செலவாயிடுது, வயலுக்குப் பாய்ஞ்ச தண்ணி மண்ணுல ஊறிப் போற மாதிரி. திரும்பி வர்றதுங்கிற பேச்சே இல்ல. தினமும் புதுசா செய்யணும். கொஞ்சம் ரத்தம் மட்டும் இதயத்தோட வலது பக்கத்திலிருந்து நடுச்சுவர்ல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் வழியா இடது பக்கம் கசிஞ்சு, நுரையீரல்ல இருந்து வர்ற காத்தோட கலந்து, தமனிகள் வழியா உயிர்ச்சக்தியைக் கொண்டு போகுது.

அதாவது ரெண்டு தனித்தனி லைன். ரெண்டுமே ஒன்வே. ரெண்டுக்கும் கடைசியில் முட்டுச்சந்து.

இதில் சந்தேகப்பட்டவர்கள் ஹார்விக்கு முன்னாடியே இருந்தார்கள். 13ம் நூற்றாண்டில் கெய்ரோவில் இபுன் அல் நஃபீஸ், நடுச்சுவரில் ஓட்டையே இல்லை, ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடது பக்கம் வருகிறது என்று எழுதினார். 16ம் நூற்றாண்டில் பாதுவாவில் பாடம் எடுத்த வெசேலியஸ் அந்த ஓட்டைகளைத் தேடிக் காணாமல் தன் சந்தேகத்தை எழுதி வைத்தார். அவருக்குப் பின் அங்கே வந்த கொலம்போவும் நுரையீரல் பாதையைச் சொன்னார். ஆனால் முழு சிஸ்டத்தையும் ஒரே லூப்பாக யாரும் மூடிக் காட்டவில்லை.

கதவு எந்தப் பக்கம் திறக்குது?

ஃபாப்ரிசியஸ் சிரைகளுக்குள்ளே சின்னச் சின்ன மடிப்புக் கதவுகள் இருப்பதை மாணவர்களுக்குக் காட்டினார். 1603ல் அதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். அவர் சொன்ன விளக்கம்: கீழ்நோக்கிப் பாயும் ரத்தம் மொத்தமாக இறங்கிக் கை கால்களில் தேங்கிவிடாமல் வேகத்தைக் குறைக்கத்தான் இந்தக் கதவுகள். ரோட்டுல ஸ்பீட் பிரேக்கர் மாதிரி.

ஹார்விக்கு இது உறுத்தியது. எந்தச் சிரையிலும் கதவுகள் இதயத்தை நோக்கித்தான் திறக்கின்றன. கழுத்துச் சிரைகளில் கூட அப்படித்தான். வேகத்தைக் குறைக்கத்தான் என்றால் கழுத்திலும் கதவு கீழ்நோக்கிப் பாயும் ரத்தத்தைத் தடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். ஆனால் அங்கே அது கீழ்நோக்கி, அதாவது இதயம் பக்கம் திறக்கிறது. அப்போ இது ஸ்பீட் பிரேக்கர் இல்ல, நான் ரிட்டர்ன் வால்வு! ரத்தம் சிரையில் ஒரே ஒரு திசையில்தான் போக முடியும், அது இதயத்துக்குத் திரும்பும் திசை.

வயதான காலத்தில் அவரைச் சந்தித்த ராபர்ட் பாயில், ஆமா, கேஸ் லா பாயில்தான், இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார். ஹார்வி சொன்ன பதில், சிரைக் கதவுகள். குருநாதர் கண்டுபிடித்த பொருள், சிஷ்யன் கண்டுபிடித்த அர்த்தம்.

மெதுவான இதயங்கள்

லண்டனில் ஹார்வியின் வாழ்க்கை நன்றாகவே அமைந்தது. 1604ல் எலிசபெத் பிரவுனைத் திருமணம் செய்துகொண்டார். மாமனார் அரசவை மருத்துவர். 1607ல் மருத்துவர் கல்லூரியில் உறுப்பினர். 1609ல் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் பதவி, ஏழை நோயாளிகளைப் பார்க்கும் வேலை. 1615ல் உடற்கூறு விரிவுரையாளர். 1618 வாக்கில் மன்னர் முதலாம் ஜேம்ஸின் மருத்துவர்களில் ஒருவர், பிறகு அவர் மகன் முதலாம் சார்லஸுக்கும்.

அவருடைய லெக்சர் நோட்ஸ் இன்னும் இருக்கு. லத்தீன்ல ஆரம்பிச்சு, பாதி வாக்கியத்துல இங்கிலீஷுக்குத் தாவி, மறுபடி லத்தீனுக்கு வரும். கையெழுத்தும் படிக்க முடியாத ரகம். நம்ம நோட்டைப் பார்த்த ஃபீலிங் வருதா?

பகலில் டாக்டர், மற்ற நேரத்தில் பரிசோதனை. உயிருள்ள நாயின் மார்பைத் திறந்து இதயத்தைப் பார்த்தார். இன்றைக்குப் படிக்கவே கஷ்டமாக இருக்கும், அன்றைக்கு அதுதான் வழக்கம். ஆனால் நாயின் இதயம் கண் சிமிட்டும் நேரத்தில் சுருங்கி விரிந்துவிடும். எது முதலில், எது பிறகு என்று பிரிக்க முடியாது. முதலில் அவரே நொந்துபோய், இதயத்தின் அசைவு கடவுளுக்குத்தான் தெரியும் போல என்று நினைத்திருக்கிறார்.

பிறகு ஒரு வழி கிடைத்தது. குளிர் ரத்தப் பிராணிகள். தவளை, பாம்பு, மீன், நத்தை. இவற்றின் இதயம் மெதுவாகத் துடிக்கும். தேம்ஸ் நதியில் கிடைக்கும் கண்ணாடி போன்ற சின்ன இறால் வகையில் ஓட்டுக்கு வெளியே இருந்தே இதயம் துடிப்பதைப் பார்க்கலாம். வீடியோவை ஸ்லோ மோஷன்ல ஓட்டிப் பாக்குற மாதிரி. அப்போது புரிந்தது: இதயத்தின் உண்மையான வேலை விரிவது இல்லை, சுருங்குவது. மேலறை முதலில், கீழறை அடுத்து. கீழறை சுருங்கும்போது ரத்தம் தமனிக்குள் தள்ளப்படுகிறது, அதனால்தான் நாடி எழும்புகிறது.

பாம்பை வைத்து அவர் செய்தது இன்னும் தெளிவானது. இதயத்துக்குள் நுழையும் பெரிய சிரையை இடுக்கியால் பிடித்தார். இதயம் வெளுத்து, சுருங்கி, மெதுவானது. விட்டதும் பழைய நிலைக்கு வந்தது. அடுத்து இதயத்திலிருந்து வெளியேறும் தமனியைப் பிடித்தார். இதயம் உப்பி, கறுத்துச் சிவந்து, வெடித்துவிடும் போல ஆனது. இன்லெட் எது, அவுட்லெட் எது என்பதற்கு இதைவிட எளிமையான டெஸ்ட் இருக்கா?

அந்தக் கணக்கு

இப்போ மெயின் மேட்டர். இறந்த மனிதரின் இடது கீழறையில் இரண்டு அவுன்ஸுக்கு மேல் ரத்தம் இருப்பதை ஹார்வி அளந்திருந்தார். ஒவ்வொரு துடிப்பிலும் அதில் எவ்வளவு வெளியே போகும்? சரியாகத் தெரியாது. அதனால் அவர் என்ன செய்தார் தெரியுமா? எதிராளி மறுக்கவே முடியாத அளவுக்குக் குறைத்துக்கொண்டார். அரை அவுன்ஸ் என்று வைப்போம். அதுவும் அதிகமா? சரி, ஒரே ஒரு டிராம், அதாவது 4 கிராமுக்கும் சற்றுக் குறைவு. துடிப்பையும் குறைத்தார். அரை மணி நேரத்துக்கு 1000 துடிப்பு. நிமிஷத்துக்கு 33 தான் வருது, நம்ம எல்லாருக்கும் அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல.

இப்போ பெருக்குங்க. 4 கிராம், 1000 துடிப்பு: அரை மணி நேரத்தில் கிட்டத்தட்ட 4 கிலோ. ஒரு நாளுக்கு 190 கிலோ. மனித உடம்பில் மொத்த ரத்தமே 5 லிட்டர் சுற்றிதான். 190 கிலோ ரத்தம் செய்ய எத்தனை கிலோ சாப்பிடணும்? அத்தனையும் எங்கே போய் உறிஞ்சப்படும்? கை கால் வீங்கி வெடிச்சிருக்கணும், இல்லேன்னா சிரை காலியாகியிருக்கணும். ரெண்டும் நடக்கல.

ஹாஸ்டல்ல மோட்டார் நாள் முழுக்க ஓடுது, மேல டேங்க் வழியல, கீழ சம்ப் வத்தல, கார்ப்பரேஷன் லைன்ல சொட்டுத் தண்ணியும் வரல. அப்போ என்ன அர்த்தம்? அதே தண்ணி சுத்திச் சுத்தி வருதுன்னு அர்த்தம். ஹார்வி வந்து சேர்ந்த முடிவு இதுதான்.

நாம டிசைன்ல சேஃப்டி ஃபேக்டர் வைப்போமே, அதே புத்தி. தனக்குப் பாதகமான எண்களை எடுத்துக்கொண்டும் முடிவு நிற்கிறதா என்று பார்ப்பது. இன்றைய அளவுப்படி ஒரு துடிப்புக்கு சுமார் 70 மில்லி, நிமிஷத்துக்கு சுமார் 5 லிட்டர், நாளுக்கு 7000 லிட்டர். அவர் எண்ணைவிட முப்பது மடங்குக்கு மேல். எண் தப்பு, ஆனா முடிவு அசையல.

கயிறும் விரலும்

கணக்கோடு அவர் நிறுத்தவில்லை. ஒரு கயிறும் ரெண்டு விரலும் போதும், நீங்களே பார்த்துக்கலாம் என்று செய்து காட்டினார்.

முழங்கைக்கு மேலே கயிற்றை மிக இறுக்கமாகக் கட்டினால் மணிக்கட்டில் நாடி நின்றுவிடும், கை மெல்லக் குளிரும். கட்டுக்கு மேல் தமனி முட்டி முட்டித் துடிக்கும். இப்போது கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினால் கை சட்டென்று சிவக்கும், கட்டுக்குக் கீழே சிரைகள் புடைக்கும். ஏன்? ஆழத்தில் இருக்கும் தமனி திறந்துவிட்டது, தோலுக்கு அடியில் இருக்கும் சிரை இன்னும் மூடியிருக்கிறது. உள்ளே வருது, வெளியே போக முடியல.

ரத்தம் கல்லீரலிலிருந்து சிரை வழியாகக் கைக்கு வருவது உண்மை என்றால் கட்டுக்கு மேலேதான் வீங்க வேண்டும். கீழே வீங்குகிறது! நோயாளிக்கு ரத்தம் எடுக்க ஐரோப்பா முழுக்க டாக்டர்கள் தினமும் இதே கட்டைத்தான் போட்டார்கள். நூற்றுக்கணக்கான வருஷமாகக் கண் முன்னாடியே நடந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்தது விரல் சோதனை. கை நரம்பு நல்லாத் தெரியிற ஃப்ரெண்ட் யாராவது இருந்தா இப்பவே செஞ்சு பாக்கலாம். மேற்கையை லேசாப் பிடிச்சுக்கிட்டா முன்கையில் சிரை புடைக்கும், இடையிடையே சின்ன முடிச்சு தெரியும், அதுதான் கதவு. ஒரு விரலால் சிரையை அழுத்துங்க. இன்னொரு விரலால் அங்கிருந்து மேல்நோக்கி அடுத்த முடிச்சைத் தாண்டி வழிச்சு விடுங்க. அந்தத் துண்டு காலியா தட்டையாயிடும். மேலே இருக்கிற ரத்தம் கீழே இறங்காது. கீழ் விரலை எடுத்ததும் கீழேயிருந்து குபுக்குனு நிறையும். ஹார்வியின் புத்தகத்தில் இருக்கும் படங்களே இந்த ஒரு சோதனைக்கானவை மட்டும்தான்.

பிறக்காத குழந்தையின் இதயம்

அந்தப் புத்தகத்தின் ஆறாவது அத்தியாயம் தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பற்றியது. எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

குழந்தை வயிற்றுக்குள் மூச்சு விடுவதில்லை. நுரையீரலுக்குள் காற்றுக்குப் பதிலாகத் திரவம். அங்கே ரத்தத்தை அனுப்பிப் பயனில்லை. அதனால் இயற்கை ரெண்டு பைபாஸ் போட்டிருக்கிறது. ஒன்று, இரண்டு மேலறைகளுக்கு நடுவே ஒரு முட்டை வடிவ ஓட்டை, ஃபொரமென் ஓவல் என்பார்கள். அதன் இடது பக்கத்தில் ஒரு மெல்லிய மடிப்பு, வலமிருந்து இடமாக மட்டும் திறக்கும் கதவு. இன்னொன்று, நுரையீரல் தமனியிலிருந்து நேராகப் பெருந்தமனிக்குப் போகும் ஒரு இணைப்புக் குழாய், டக்டஸ் ஆர்ட்டீரியோசஸ். இந்த இரண்டும் இருப்பது கேலன் காலத்திலிருந்தே தெரியும். ஹார்வி கேட்டது, இது எதுக்கு இருக்கு, பிறந்த பிறகு ஏன் மூடுது என்பதை.

அவருடைய வாதம் இப்படிப் போகிறது. மீனுக்கு நுரையீரல் இல்லை, ஒரே கீழறைதான். கருவிலிருக்கும் குழந்தைக்கு நுரையீரல் இருந்தும் வேலை செய்யவில்லை, அதனால் இரண்டு கீழறைகளும் ஒன்று போலவே வேலை செய்து, ரெண்டும் பெருந்தமனிக்கே தள்ளுகின்றன. பிறந்து மூச்சு விட ஆரம்பித்ததும் ரெண்டு பைபாஸும் மூடிக்கொள்கின்றன. இதயம் மட்டும் துடித்துக்கொண்டே இருக்கிறது. அப்போ வலது பக்கத்து ரத்தம் இடது பக்கம் வர மிச்சம் இருக்கும் ஒரே வழி எது? நுரையீரல். நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைத் தேடி அலைவானேன்? இயற்கைக்குக் குறுக்கு வழி தேவைப்பட்ட காலத்தில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே வைத்திருந்ததே!

இன்றைக்கு நமக்குத் தெரிந்ததைச் சேர்த்தால் படம் முழுமையாகும். கருவில் ஆக்ஸிஜன் நஞ்சுக்கொடியிலிருந்து தொப்புள்கொடிச் சிரை வழியாக வருகிறது. அதில் ஒரு பங்கு கல்லீரலைச் சுற்றிப் போகாமல் இருக்க அங்கேயும் ஒரு பைபாஸ், டக்டஸ் வீனோசஸ். கருவின் நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்கிக் கிடக்கும். சுருங்கினால் என்ன ஆகும்? 1840களில் பிரெஞ்சு மருத்துவர் புவாஸே மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அளந்து சொன்னதுதான்: ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது, பதினாறில் ஒன்றாகும். ஆக நுரையீரல் பக்கம் ரெசிஸ்டன்ஸ் ரொம்ப அதிகம், நஞ்சுக்கொடி பக்கம் குறைவு. ரத்தம் சுலபமான வழியில் போகிறது.

முதல் மூச்சில் எல்லாம் தலைகீழ். நுரையீரல் விரிகிறது, குழாய்கள் திறக்கின்றன, ரெசிஸ்டன்ஸ் விழுகிறது. நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் கொட்டுகிறது. தொப்புள்கொடியைக் கட்டியதும் உடம்புப் பக்கம் ரெசிஸ்டன்ஸ் ஏறுகிறது. இடப் பக்க அழுத்தம் வலப் பக்கத்தைத் தாண்டியதும் அந்த மடிப்புக் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. மோட்டார் கிடையாது, சென்சார் கிடையாது, வெறும் பிரஷர் வித்தியாசம். இணைப்புக் குழாயும் ஆக்ஸிஜன் கூடியதாலும், அதைத் திறந்து வைத்திருந்த புரோஸ்டாகிளாண்டின் குறைந்ததாலும் ஓரிரு நாளில் சுருங்கி மூடுகிறது. நம்மில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அந்த ஓவல் கதவு முழுசாக ஒட்டாமலே இருக்கும், பெரும்பாலும் தெரியாமலே வாழ்ந்துவிடுவோம்.

இது வெறும் தியரி இல்ல. இதயக் குறையோடு பிறக்கும் சில குழந்தைகளுக்கு அந்தக் குழாய் மூடினால் உயிருக்கே ஆபத்து, அதனால் டாக்டர்கள் புரோஸ்டாகிளாண்டின் ஏற்றி அதைத் திறந்தே வைப்பார்கள். குறைமாதக் குழந்தைகள் சிலருக்கு நேர் எதிர்ப் பிரச்சினை, அது மூடாமல் இருக்கும், மருந்து கொடுத்தோ அறுவை செய்தோ மூட வேண்டும்.

ஹார்வி இன்னொரு கேள்வியையும் விட்டுச் சென்றார். வயிற்றுக்குள் மாதக்கணக்கில் மூச்சே விடாமல் இருந்த குழந்தை, வெளியே வந்து ஒரே ஒரு தடவை மூச்சு விட்டுவிட்டால், அதன் பிறகு சில நிமிஷம் கூட மூச்சில்லாமல் இருக்க முடிவதில்லையே, ஏன்? ஆக்ஸிஜன் என்ற சொல்லே பிறக்க நூறு வருஷத்துக்கு மேல் இருந்த காலம் அது.

1628

சக மருத்துவர்கள் முன்னால் ஒன்பது வருஷத்துக்கும் மேலாகச் செய்து காட்டிய பிறகுதான் ஹார்வி அச்சுக்குப் போனார். 1628ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் அந்த லத்தீன் நூல் வந்தது. 72 பக்கம். அச்சுப்பிழைகள் ஏராளம். அதே 1628ல் ரோமில் கலிலியோவின் மாணவர் காஸ்டெல்லி, ஓடும் நீரை அளப்பது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நம்ம கன்டினியூட்டி ஈக்வேஷன் அதில்தான் இருக்கிறது. நதிக்கும் இதயத்துக்கும் ஒரே வருஷத்தில் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது!

அப்போது ஹார்விக்கு வயது 50. அரசவைப் பதவி, நல்ல பிராக்டிஸ், சமூகத்தில் மரியாதை எல்லாம் இருந்தது. இழக்க நிறைய இருந்தது. மனிதகுலமே தனக்கு எதிரியாகிவிடுமோ என்ற பயத்தை அவர் புத்தகத்திலேயே மறைக்காமல் எழுதியிருக்கிறார். பயந்தது போலவே நடந்தது. அவரை நேரில் அறிந்த ஜான் ஆப்ரி எழுதியபடி, புத்தகம் வந்த பிறகு நோயாளிகள் குறைந்தார்கள், ஜனங்கள் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசினார்கள்.

1630ல் பிரிம்ரோஸ் என்ற டாக்டர் மறுப்பு நூல் எழுதினார். பாரிஸில் ரியோலான் என்ற பெரிய பேராசிரியர், ரத்தம் சுற்றுவது பெரிய குழாய்களில் மட்டும்தான், அதுவும் நாளுக்கு ஓரிரு தடவைதான் என்று கேலனைக் காப்பாற்றப் பார்த்தார். ஹார்வி அவருக்கு மட்டும் 1649ல் பதில் எழுதினார். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் மௌனம்.

எதிர்த்தவர்களிடம் நியாயமான கேள்வியும் ஒன்று இருந்தது. தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எந்த வழியாகப் போகிறது, காட்டு பார்க்கலாம்! ஹார்வியால் காட்ட முடியவில்லை. அவரிடம் இருந்தது வெறும் லென்ஸ் மட்டும். ஆனால் கணக்கு சொல்கிறது, ஏதோ ஒரு வழி இருந்தே ஆக வேண்டும். அந்த இடைவெளியை மூடி மறைக்காமல் அப்படியே விட்டு வெளியிட்டார்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. இவ்வளவு கண்டுபிடித்தவரும் நோயாளிகளுக்கு ரத்தம் எடுத்து வைத்தியம் செய்வதை விடவில்லை. கண்டுபிடிப்பு ஒரு பக்கம், பழக்கம் ஒரு பக்கம்.

போரும் முட்டைகளும்

1642ல் இங்கிலாந்தில் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. ஹார்வி மன்னரோடு போனார். எட்ஜ்ஹில் போர்க்களத்தில் 12 வயதும் 9 வயதுமான இரண்டு இளவரசர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருக்கு. ஆப்ரி சொல்லும் கதைப்படி, ஒரு வேலியோரமாக உட்கார்ந்து பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் பீரங்கிக் குண்டு விழுந்ததும் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

ஆனால் அதே போர் அவரிடமிருந்து பறித்தது பெரியது. லண்டனில் அவர் தங்கியிருந்த இடத்தில் வீரர்கள் புகுந்து சூறையாடினார்கள். பூச்சிகளைப் பற்றி வருஷக்கணக்கில் எழுதி வைத்த குறிப்புகள் எல்லாம் போயின. பேக்கப் இல்லாத காலம். தன் வாழ்க்கையில் பட்ட இழப்புகளிலேயே இதுதான் தாங்க முடியாதது என்று பின்னாளில் வருந்தியிருக்கிறார்.

ஆக்ஸ்ஃபோர்டில் மன்னரின் முகாமில் இருந்தபோதும் சும்மா இருக்கவில்லை. நண்பர் ஒருவரின் அறையில் அடைகாக்கும் கோழியை வைத்துக்கொண்டு, முட்டைகளைத் திறந்து பார்த்தார். நாலாவது நாள் முட்டையில் ஊசிமுனை அளவு ஒரு சிவப்புப் புள்ளி. விரியும்போது தெரியும், சுருங்கும்போது மறையும். இதயம் தொடங்கும் இடம் அது. 1651ல் உயிர்களின் உற்பத்தி பற்றிய பெரிய நூலாக இது வெளிவந்தது. அதையும் வெளியிட மனமில்லாமல்தான் இருந்தார், நண்பர் ஜார்ஜ் என்ட் வற்புறுத்தி வாங்கிப் போய் அச்சிட்டார்.

மன்னர் தோற்றார், 1649ல் தலை வெட்டப்பட்டது. மனைவியும் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. கடைசி வருஷங்களில் ஹார்வி தம்பிகளின் வீடுகளில் மாறி மாறித் தங்கினார். லண்டனில் காபிக் கடைகள் வருவதற்கு முன்பே அவரும் தம்பி எலியாபும் காபிக்கு அடிமை.

1654ல் மருத்துவர் கல்லூரி தலைவர் பதவியைக் கொடுத்தபோது, வயதாகிவிட்டது என்று மறுத்தார். தன் புத்தகங்களையும் சொத்தில் ஒரு பகுதியையும் கல்லூரிக்கே கொடுத்தார். அந்த நூலகம் 1666ன் லண்டன் பெருந்தீயில் பெரும்பாலும் எரிந்துபோனது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1657 ஜூன் 3 அன்று, 79 வயதில் இறந்திருந்தார்.

நாலு வருஷம் கழித்து

1661ல் இத்தாலியின் மால்பிகி, தவளையின் நுரையீரலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். தமனிக்கும் சிரைக்கும் நடுவே மயிரைவிட மெல்லிய குழாய்கள். தந்துகிகள். ஹார்வி காட்ட முடியாத அந்த வழி, அவர் சொன்ன இடத்திலேயே இருந்தது.

அதிலும் நம்ம ஈக்வேஷன் வேலை செய்யுது. பெருந்தமனியின் குறுக்குப் பரப்பு சுமார் 2.5 சதுர சென்டிமீட்டர், அங்கே ரத்தம் நொடிக்கு 33 சென்டிமீட்டர் வேகத்தில் போகிறது. தந்துகிகள் ஒவ்வொன்றும் மெல்லிசு, ஆனால் எல்லாவற்றின் பரப்பையும் கூட்டினால் சுமார் 2500 சதுர சென்டிமீட்டர். பரப்பு ஆயிரம் மடங்கு, அதனால் வேகம் ஆயிரத்தில் ஒன்று, நொடிக்கு 0.3 மில்லிமீட்டர். அவ்வளவு மெதுவாகப் போவதால்தான் ஆக்ஸிஜனைக் கொடுத்துவிட்டுப் போக நேரம் கிடைக்கிறது.

கண்ணால் பார்க்காத ஒன்றை அவர் எதை வைத்து நம்பினார்? உள்ளே போறதும் வெளியே வர்றதும் சமமாகணும், அவ்வளவுதான். நாம வாரத்துக்கு ரெண்டு தடவை எழுதுற மாஸ் பேலன்ஸ். பரீட்சைக்கு அது ஒரு ஸ்டெப். அவருக்கு அது அம்பது வயசு வரைக்கும் சேர்த்து வச்ச பேரைப் பணயம் வச்ச ஒரு வரி.

கல்லூரிக்குச் சொத்தை எழுதி வைத்தபோது, வருஷத்துக்கு ஒரு தடவை உறுப்பினர்கள் கூடிப் பேச வேண்டும், இயற்கையைச் சோதனை செய்து ஆராய ஒருவரை ஒருவர் தூண்ட வேண்டும் என்று ஹார்வி ஏற்பாடு செய்திருந்தார். அந்த உரை இன்றும் வருஷா வருஷம் லண்டனில் நடக்கிறது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மேலே சொன்ன விரல் சோதனைக்கு ஒரு ஃப்ரெண்டும் ரெண்டு நிமிஷமும் போதும். செஞ்சு பாத்துட்டு, உங்க நாடியையும் ஒரு நிமிஷம் எண்ணி, 70 மில்லியால பெருக்கிப் பாருங்க. என்ன விடை வந்துச்சுன்னு எங்களுக்கும் எழுதுங்க.